நான்கு மீட்டர்

தீயணைப்பு ஆய்வாளர் அளந்தபோதுதான் வெளியே வந்தது,
திரை நான்கு மீட்டர் குறைவென்று.
"சுருங்கிவிட்டது" என்றேன்.
"வெல்வெட்டா?"
"ஒஸ்த்ராவாவில் எல்லாமே சுருங்குகிறது, தோழர்."
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கோமெடா திரையரங்கில் எனக்கு இரண்டு வேலை.
தினமும் டிக்கெட் கிழிப்பது,
திங்கட்கிழமை அந்தச் சிவப்புத் திரையைத் துடைப்பது.
சுரங்கத்துக் கரி அதன் ரோமத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
மேலிருந்து கீழே துடைத்தால் செர்ரிப் பழம்.
கீழிருந்து மேலே போனால் உறைந்த ரத்தம்.
ஒரே துணிதான். கை போகும் திசைதான் நிறம்.

மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் வரும்.
தணிக்கை எங்கே கடித்திருக்கிறது என்று
பிம்பம் துள்ளுவதை வைத்தே சொல்லிவிடுவேன்.
இன்னொன்றும் கண்டுபிடித்தேன்:
வெல்வெட் வந்தால் யாரோ பொய் சொல்லப் போகிறார்கள்,
இல்லையென்றால் பாடப் போகிறார்கள்.
சோபா என்றால் பொய்.
கையுறை என்றால் கொலை.
கணுக்கால் வரை வழியும் அங்கி என்றால்
ஒற்றை விளக்கு, ஒலிவாங்கி முன் ஒரு பெண்,
புகைக்குப் பின்னால் அவளை விட்டுப் போகப்போகிறவன்.
எங்கள் படங்களில் டிராக்டர் வரும்.
பொய் அதிலும் உண்டு,
தொட்டால் மிருதுவாக இராது, அவ்வளவே.

ரதோவான் முதல் வரிசை.
பகலில் கோக் உலை, இரவில் கிதார்,
அனுமதிச் சீட்டில்லாத குழு.
பிடிபடாமலிருக்க வாரம் ஒரு பெயர்.
நள்ளிரவில் லக்ஸம்பர்க் வானொலியின் கரகரப்பில்
ஒரு குரல் மிதந்து வரும்.
அறிவிப்பாளர் அதையும் வெல்வெட் என்றார்.
"குரலில் ஏது துணி?" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் லூபோர்.
ரதோவான் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.
என் வீட்டில் தையல் எந்திரம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

கத்தரி வைத்தபோது கை நடுங்கவில்லை.
கரிதான் பறந்தது. தும்மினேன்.

ஒபாவாவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை.
போலீசுக்குச் சொல்ல ஒரு கல்யாணம்.
மணப்பெண் ஸ்வதவா.
மாப்பிள்ளை யாரென்று கடைசிவரை முடிவாகவில்லை.
லாந்தர் வெளிச்சத்தில் அந்த ஜாக்கெட்டோடு நின்றான்,
தோளை அசைக்கும்போதெல்லாம் கரி உதிர,
சுருதி விலகி, கண்ணை மூடி.
வைக்கோல் மேல் நூறு பேர் மூச்சை அடக்கியிருந்தார்கள்.
மாடுகள் மட்டும் அசைபோட்டன.

மூன்றாவது பாட்டில் நாய்கள் குரைத்தன.

அதிகாரி முதலில் தொட்டது அந்தத் தோளை.
ரோமத்துக்கு எதிராகத் தடவினார்.
நான்கு விரல்கள், நான்கு இருண்ட கோடுகள்.
"நல்ல துணி. எங்கே வாங்கினாய்?"
அவனுக்குப் பதினோரு மாதம்.
எனக்கு ஐந்து மாதச் சம்பளத்தில் பிடித்தம்.

பிறகு அந்த நவம்பர்.
சதுக்கத்தில் குளிர்,
தலைக்கு மேல் சாவிக்கொத்துகளைக் குலுக்கினோம்.
வெளிநாட்டு நிருபன் ஒருவன் ஒலிவாங்கியை நீட்டினான்,
"இதை வெல்வெட் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

துடைத்தவள் சொன்னேன்:
தறியில் நூல் முதலில் கண்ணி கண்ணியாக எழும்.
பிறகு கத்தி உள்ளே போகும்.
ஒன்று விடாமல் அறுத்தால்தான் இந்த மிருது.
அறுக்காமல் விட்டால்
அது குளித்துத் துவட்டுகிற துண்டு.

மொழிபெயர்ப்பாளர் சுருக்கமாக ஏதோ சொன்னார்.
நிருபன் நன்றி சொல்லி நகர்ந்தான்.

ஜனவரியில் ஜாக்கெட்டைத் திருப்பித் தந்தார்கள்,
பொத்தானில் சாட்சியப் பொருள் எண் கட்டி.
தோளில் அந்த நான்கு கோடுகள் அப்படியே.
"ஆவி காட்டினால் எழும்பிவிடும்" என்றேன்.
கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.
நீர் கொதிக்கும்வரை பேச எதுவும் இல்லாததால்
நான்கு மீட்டருக்கான காசை நினைவூட்டினேன்.

ரதோவான் பைகளையெல்லாம் துழாவினான்.
சாவிக்கொத்து ஒன்றுதான் வந்தது.